டாக்டர் வேலையை நர்ஸ் தலையில் கட்டினால்: வடசென்னை நர்ஸ்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

23 வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே உள்ள சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில். மூட்டு வலி வந்ததும் நைட் டியூட்டியை விட்டுவிட்டு, இப்போது நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ராத்திரி 11 மணிக்கு மேல் என் போன் அடித்தால் முக்கால்வாசி நேரம் ஒரே விஷயம்தான்: "அக்கா, இதை என்னைச் செய்யச் சொல்றாங்க, செய்யலாமா?"

கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் 20 படுக்கை, ராத்திரி டாக்டர் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வந்த கேள்விகள்தான் இதில் அதிகம். ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இருப்பார், கூட்டம்தான் கழுத்தை நெரிக்கும். அது வேறு கதை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் என் பதிலைக் காட்டாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

1. "எது நம்ம வேலை, எது டாக்டர் வேலைன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்காக்கா?"

ஒரே தாளில் பட்டியலாக எங்கும் இல்லை. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. நம் பெயரைப் பதிவு செய்வது 1926-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த நம் மாநில நர்சிங் கவுன்சில். பாடத்திட்டம் 1947 சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சிலுடையது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிற உரிமையை இவை எதுவும் வார்டில் நிற்கிற ஸ்டாஃப் நர்ஸுக்குத் தரவில்லை. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால், 2019-ஆம் வருட தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அளவுகோல் ஒன்றுதான். எந்த வேலையையும் கை, முடிவு என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஊசி போடுவது கை. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பது முடிவு. படிப்பிலும் பயிற்சியிலும் வந்த வேலையாக இருந்தால் கை நம்முடையதாக இருக்கலாம். முடிவு டாக்டருடையதாக இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

2. "லைன் போடறது, கதீட்டர் போடறது, ரைல்ஸ் டியூப் போடறது இதெல்லாம் செய்யலாம்ல?"

செய்யலாம். கையில் டிரிப் ஏற்ற ஊசி வைப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போடுவது எல்லாம் நம் பாடத்தில் இருப்பவை. ஆர்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன் போடுவது, முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பது இவை நம் வேலை இல்லை. "நூறு தடவை பார்த்திருக்கேனே" என்பது பயிற்சி ஆகாது. நூறு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு பஸ் ஓட்ட லைசென்ஸ் தருவார்களா?

3. "நான் ஏ.என்.எம். தான் முடிச்சேன். ஆனா யூனிஃபார்ம் குடுத்து ஐ.சி.யூ.ல நிக்க வச்சிருக்காங்க. பேஷண்டுக்கு நான் ஸ்டாஃப் நர்ஸ்னு சொல்லிருக்காங்க."

ஏ.என்.எம். என்பது கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கான துணை நர்ஸ் படிப்பு. ஒரு வருட உதவியாளர் படிப்பு படித்த பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். சம்பளம் குறைவு என்பதால் அவர்களை எடுத்து, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் செய்கிற வேலையை வாங்குகிறார்கள். வேலை செய்கிற பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து 12 மணி நேரம் நிற்கிறவள் அவள். ஆனால் மாட்டிக்கொள்ளப் போவதும் அவள்தான்.

1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கைப் பாருங்கள். டைஃபாய்டுக்கு அட்மிட் ஆன ஒரு சின்னப் பையனுக்கு டாக்டர் போட வேண்டிய ஊசியை நர்ஸ் போட்டார். பையனின் இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டது. விசாரணையில், அந்த நர்ஸுக்கு முறையான தகுதியே இல்லை என்று தெரிந்தது. வேலையை நர்ஸிடம் விட்ட டாக்டர் மேலும், அவரை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரி மேலும் தவறு என்று முடிவாகி, பையனுக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். உங்கள் படிப்பு எது என்று பணி நியமனக் கடிதத்தில் சரியாக எழுதச் சொல்லுங்கள். பேட்ஜில் பொய் இருந்தால் அதைக் குத்திக்கொள்ளாதீர்கள்.

4. "டாக்டர் போன்லயே 'அதைப் போட்டுடு'ன்னு சொல்லிடறாரு. காலைல வந்து கேஸ் ஷீட்ல எழுதறேன்றாரு. போடலாமா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். போன் ஆர்டரே கூடாது என்று சொன்னால் ராத்திரி ஆஸ்பத்திரி நடக்காது. நல்ல ஆஸ்பத்திரிகளில் இதற்கு எழுதிவைத்த முறை இருக்கும். டாக்டர் சொல்வதை அப்போதே எழுதுவது, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது, அவர் "சரி" என்ற பிறகு மருந்தைக் கொடுப்பது, 24 மணி நேரத்துக்குள் அவரிடம் கையெழுத்து வாங்குவது. எண்ணைச் சொல்லும்போது "பிஃப்டீனா, பிஃப்டியா" என்று சந்தேகம் வந்தால் "ஒன்னு அஞ்சு", "அஞ்சு பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

உங்கள் இடத்தில் அப்படி முறை எதுவும் இல்லையா? நீங்களே ஒன்று செய்யலாம். போனை வைத்ததும் அவருக்கு ஒரு மெசேஜ்: "சார், 6-ஆம் படுக்கைக்கு நீங்கள் இப்போது சொன்னது இந்த மருந்து, இந்த அளவு. சரிதானே?" பேஷண்ட் பெயர் வேண்டாம், படுக்கை எண் போதும். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாலும் அது பதிவுதான். அப்புறம் நர்ஸ் நோட்ஸில் நேரத்தோடு எழுதுங்கள்.

சில மருந்துகளுக்கு மட்டும் போன் ஆர்டரை ஏற்கவே ஏற்காதீர்கள். மார்ஃபின், ஃபென்டானில் போன்றவை 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை. ஒவ்வொரு ஆம்பூலுக்கும் கணக்கு உண்டு. அதே மாதிரி பொட்டாசியம் குளோரைடு. அதை நீர்க்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் டாக்டரே தப்பாகச் சொன்னாலும் ஊசி பிடித்த கை உங்களுடையது.

5. "ராத்திரி புதுசா பேஷண்ட் வந்தா, 'டாக்டரை எழுப்பாத, நீயே ஏதாவது குடுத்து காலை வரைக்கும் ஓட்டு'ன்னு மேனேஜர் சொல்றாரு."

இங்கே கை, முடிவு இரண்டுமே உங்கள் தலையில். இது கூடாது. ஆன்டிபயாட்டிக், வலி ஊசி என்று ஓ.பி.யில் ஓடுகிற மருந்தில் பெரும்பாலானவை எச் பட்டியலில் இருப்பவை. பதிவு பெற்ற டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரரே அவற்றை விற்கக் கூடாது. நீங்கள் எந்தச் சீட்டில் கொடுப்பீர்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். காசிமேட்டில் வலை இழுக்கிறவர் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கேஸ்தாம்மா, நேத்து ராத்திரி இறா குழம்பு" என்று அவரே சொன்னார். டாக்டரை எழுப்பினால் மேனேஜரிடம் திட்டு விழும். கேஸ் ஊசி ஒன்று போட்டு உட்கார வைத்தேன். வலி குறைந்தது என்றார். நல்லவேளையாக என்னோடு இருந்த மூத்த சிஸ்டர் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஹார்ட் அட்டாக். ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லிக்கு அனுப்பினோம், பிழைத்தார். அன்றைக்கு நான் போட்டது சாதாரண ஊசிதான். ஆனால் "இது கேஸ்" என்று முடிவெடுத்தது நான்.

ஈ.சி.ஜி. எடுக்கலாம், பி.பி., சுகர், ஆக்சிஜன் அளவு பார்க்கலாம், அதை டாக்டருக்கு அனுப்பலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாதிரி சின்ன விஷயங்களுக்கு டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட நிலையான ஆர்டர் தாள் இருந்தால் அதன்படி கொடுக்கலாம். எத்தனை வயதுக்கு, எவ்வளவு, எந்த அறிகுறி இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். தாள் இல்லை என்றால் டாக்டரை எழுப்புங்கள்.

6. "அப்ப எமர்ஜென்சில டாக்டர் வர்ற வரைக்கும் கைய கட்டிட்டு நிக்கணுமா?"

கூடவே கூடாது. எல்லை என்று பேச ஆரம்பித்தால் சில பிள்ளைகள் பயந்து எதையுமே தொடாமல் நிற்கிறார்கள். அதுவும் தப்பு. மூச்சும் நாடியும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்துங்கள். ஆக்சிஜன் வையுங்கள், சளியை உறிஞ்சுங்கள், ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள், லைன் போட்டு வையுங்கள். ஊசி போட்ட நிமிடத்தில் உடம்பு தடித்து மூச்சுத் திணறி பி.பி. இறங்கினால், பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். இதற்கான நிலையான ஆர்டர் இல்லாமல் எந்த வார்டிலும் ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். தடுப்பூசி போடும் கிராம நர்ஸுக்கே அட்ரினலின் கொடுக்க அரசு அனுமதி தந்திருக்கிறது.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அமோனியா கசிந்தபோது கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் ஆர்டர் தாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவசரத்தில், சம்மதம் வாங்க வழியில்லாதபோது, ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்கிற காரியத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்று: தினமும் ராத்திரி டாக்டர் இல்லை என்பது எமர்ஜென்சி இல்லை. அது ஆஸ்பத்திரி நடத்துகிறவர் மிச்சம் பிடிக்கும் பணம்.

7. "டெலிவரி முழுக்க நாங்கதான் பாக்கறோம். தலை வெளிய வந்தப்புறம்தான் மேடம் வர்றாங்க. பில்லுல மட்டும் அவங்க பேரு. இது தப்பா?"

பில் விஷயம் வேறு. மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ்) என்று பதிவு பெற்றவர் சாதாரணப் பிரசவம் பார்ப்பது தப்பே இல்லை. அது நம் பிறப்புரிமை என்றுகூட நான் சொல்வேன். மத்திய அரசின் 2010 வழிகாட்டியே ஏ.என்.எம்.களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் நிறைய அனுமதி தந்திருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடலாம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் முதல் டோஸை, இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், "மேடம் ஏழு மணிக்குள்ள முடிக்கச் சொன்னாங்க" என்று சொல்லும்போது. பிரசவத்துக்கு முன்னால் ஆக்ஸிடோசின் டிரிப்பை ஏற்றுவது முழுக்க முழுக்க டாக்டர் முடிவு. எத்தனை சொட்டு, எப்போது கூட்ட, எப்போது நிறுத்த என்பது எழுத்தில் வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க ஆள் இல்லாமல் அந்த டிரிப் ஓடக் கூடாது. கர்ப்பப்பை கிழிந்து போகும் அபாயம் இருக்கிறது. ஆயுதம் போடுவதும் வாக்குவம் வைத்து இழுப்பதும் வார்டு நர்ஸ் வேலை இல்லை.

அப்புறம் வயிற்றின் மேலே ஏறி அமுக்குவது. "அமுக்கு சிஸ்டர், அமுக்கு" என்று டாக்டரே கத்துவார், நானும் சின்ன வயதில் அமுக்கியிருக்கிறேன். பிரசவத்தை வேகப்படுத்த இப்படி அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. டாக்டர் பக்கத்திலேயே நின்று சொன்னாலும் இது நல்ல வேலையாகிவிடாது.

8. "வெட்டுக்காயத்துக்குத் தையல் போடச் சொல்றாங்க."

பிரசவத்தில் எபிசியாட்டமி (குழந்தை வர வழிவிட்டு வெட்டிய இடம்) தையல் மிட்வைஃபரி பாடத்திலேயே இருக்கிறது. தூண்டில் முள் கிழித்த கையும், பட்டறையில் தகடு வெட்டிய விரலும் வேறு. அடியில் தசைநாண் அறுந்திருக்கிறதா, நரம்பு போயிருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்த பிறகுதான் தையல். பார்க்காமல் மேலே மூடிவிட்டால் விரல் மடங்காது. அந்த மீனவர் பிழைப்பே போய்விடும். கழுவி, அழுத்திக் கட்டி, டாக்டர் வரும்வரை வையுங்கள்.

9. "தியேட்டர்ல மயக்க டாக்டர் நடுவுலயே அடுத்த கேஸுக்குக் கிளம்பிட்டாரு. 'ஸ்டேபிளா இருக்கு, நீ பாத்துக்கோ, அசைஞ்சா ரெண்டு சி.சி. தள்ளு'ன்னாரு."

இதற்கு ஒரே பதில்: மாட்டேன். ஒரே மயக்க டாக்டர் ஒரு ராத்திரியில் பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று சுற்றுவது நம் பக்கம் சகஜம். மானிட்டரைப் பார்த்துச் சொல்வது நம் வேலை. மயக்கத்தை நடத்துவது நம் வேலை இல்லை. அந்த ரெண்டு சி.சி. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து என்றால் மூச்சு நின்றுவிடலாம், நின்றால் டியூப் போட உங்களுக்கு அனுமதியும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: "சார், அனஸ்தெடிஸ்ட் வெளிய போறாரு." பெரும்பாலும் அதற்கே அவர் திரும்பி வந்துவிடுவார்.

10. "இன்ஷூரன்ஸ் ஃபைலுக்காக, டாக்டர் பார்த்த மாதிரி நோட்ஸ் எழுதி அவர் கையெழுத்தையும் போடச் சொல்றாங்க. கன்சென்ட் வாங்கறதும் நாங்கதான்."

இன்னொருவர் கையெழுத்தைப் போடுவது போலி ஆவணம். மருத்துவத் தப்பு கூட இல்லை, நேரடியாக கிரிமினல் விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஃபைலாக இருந்தாலும் தனியார் கம்பெனி ஃபைலாக இருந்தாலும், தணிக்கை வரும்போது கையெழுத்து நிபுணரிடம் போவது உங்கள் எழுத்துத்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினீர்கள் என்றால் "டாக்டர் சொன்னபடி" என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.

சம்மதப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். ஆபரேஷனில் என்ன ஆகலாம், வேறு வழி உண்டா என்று விளக்குவது டாக்டர் கடமை. 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. பேஷண்ட் கேள்வி கேட்டால் "டாக்டரைக் கூப்பிடறேன்" என்று நிறுத்துங்கள்.

11. "கலைக்கற மாத்திரை குடுத்து அனுப்பச் சொல்றாங்க. ஸ்கேன் மிஷின்ல சும்மா வச்சுப் பார்க்கச் சொல்றாங்க."

இரண்டும் வேண்டவே வேண்டாம். 1971-ஆம் வருடக் கருக்கலைப்புச் சட்டப்படி தகுதி பெற்ற டாக்டர் மட்டுமே செய்யலாம். மற்றவர் செய்தால் குறைந்தது 2 வருடம், அதிகம் 7 வருடம் கடுங்காவல். ஸ்கேன் விஷயத்தில் 1994-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. சிசுவின் பாலினத்தைச் சைகையால் சொன்னாலும் குற்றம்.

12. "பேஷண்டோட ஆளுங்க 'டாக்டர் எங்கடி, நீ ஊசி போடு'ன்னு அடிக்க வர்றாங்க. பயத்துல போட்டுடறோம்."

பயம் புரிகிறது. ஆனால் அந்த ஊசியில் ஏதாவது ஆனால் முதலில் அடிப்பவர்களும் அதே ஆட்கள்தான். தனியாக எதிரே நிற்காதீர்கள், வார்டு பாயையோ ஆயாம்மாவையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அவர்கள் எதிரிலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் பேச வையுங்கள், பாதிச் சூடு அடங்கிவிடும். கை ஓங்கினால் 100-க்குப் போன். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2008-இல் வந்த தமிழ்நாடு சட்டம் நமக்கும் சேர்த்துத்தான், டாக்டருக்கு மட்டும் இல்லை.

13. "ஏதாவது ஆயிட்டா, 'டாக்டர் சொன்னாரு, நான் செஞ்சேன்'னு சொன்னா விட்டுடுவாங்களா?"

விட மாட்டார்கள். வாயால் சொன்ன ஆர்டரை காலையில் "நான் சொல்லவே இல்லை" என்று சொன்ன டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள்தான், பயம் வந்தால் மனிதர்கள் மாறுவார்கள். எழுத்தில் ஆர்டர் இருந்தால்கூட, அது உங்கள் படிப்புக்கு அப்பாற்பட்ட வேலை என்றால் உங்கள் பங்குப் பொறுப்பு போகாது. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்த பூனம் வர்மா வழக்கில், தகுதி இல்லாத முறையில் மருத்துவம் பார்ப்பதே கவனக்குறைவு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாதத்தை நம் மேலும் திருப்ப வக்கீல்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பலருக்குத் தெரியாத ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் 5 வருடம் வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற டாக்டரால் நடந்தால் 2 வருடம் வரை. அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அதாவது, டாக்டர் செய்ய வேண்டியதை நீங்கள் செய்து உயிர் போனால், அவருக்கு இருக்கிற சலுகை உங்களுக்கு இல்லை. நஷ்டஈடு நுகர்வோர் வழக்காக வந்தால், 3-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி, பெரும்பாலும் ஆஸ்பத்திரி மேல் போகும். ஜெயில் அப்படி இன்னொருவர் மேல் போகாது.

14. "சரிக்கா, ஆனா முகத்துக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்றது? மறுநாளே வேலைக்கு வராதன்னுடுவாங்க."

"முடியாது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். சண்டை அங்கேதான் கிளம்புகிறது. செய்யக்கூடியதை முன்னால் வையுங்கள்: "சார், லைன் போட்டு, ஆக்சிஜன் வச்சு, டிரே ரெடியா வச்சிருக்கேன். டியூப் மட்டும் நீங்க வந்து போடணும், எனக்கு அதுல ட்ரெயினிங் இல்ல." இப்படிச் சொன்னால் நீங்கள் வேலைக்குப் பயந்தவர் இல்லை என்று அவருக்கே தெரியும். உடனே இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சொல்லுங்கள். நர்ஸ் நோட்ஸில் "இரவு 2.10, டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது, 2.25 மறுபடி சொல்லப்பட்டது" என்று எழுதுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம். நேரம் மட்டும் போதும், அதுவே பேசும்.

தனி ஆளாகச் சொன்னால் உங்களை மாற்றுவார்கள். ஒருமுறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து, கத்தாமல், கையால் எழுதிய ஒரு தாளோடு ஆஸ்பத்திரி உரிமையாளரான டாக்டரிடம் போனோம். ராத்திரியில் வரும் எட்டு விஷயங்களுக்கு நிலையான ஆர்டர் வேண்டும் என்று கேட்டோம். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் ஆறுக்குக் கையெழுத்துப் போட்டார். மீதி இரண்டுக்கு "என்னைக் கூப்பிடு" என்று எழுதினார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

15. "வேலைய விட்டா ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் தர மாட்டேன்றாங்க."

கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. அதைப் பிடித்து வைக்க ஆஸ்பத்திரிக்கு உரிமை கிடையாது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் நோட்டீஸுக்கே கொடுத்துவிடுவார்கள். அடுத்த இடத்தில் சேரும்போது ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

16. "புகார் குடுக்கணும்னா எங்க போறது?"

முதலில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நர்சிங் சூப்பரிண்டென்டென்ட், எழுத்தில். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்யும் 1997-ஆம் வருடச் சட்டம் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கையில் இருக்கிறது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். போகும்முன் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பேஷண்ட் ரகசியத்தை வெளியே விட்டதாக உங்கள் மேலேயே திரும்பும்.

17. "எம்.எல்.எச்.பி. சிஸ்டருங்க மட்டும் பி.பி., சுகர் மாத்திரை குடுக்கறாங்களே. அவங்களும் நர்ஸ்தானே?"

நல்ல கேள்வி. எம்.எல்.எச்.பி. என்றால் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை போகிறது. ஆனால் அந்த மாத்திரையை முதலில் எழுதியவர் டாக்டர், இவர்கள் தொடர்ந்து கொடுத்து, அளவு பார்த்து, மாறினால் திருப்பி அனுப்புகிறார்கள். நர்சிங் படிப்புக்கு மேல் சமூக சுகாதாரப் பயிற்சி, எழுத்தில் வரையறை, பின்னால் ஒரு மருத்துவ அலுவலர், எல்லாம் இருக்கிறது. ஐ.சி.யூ.வுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று 2 வருட முதுநிலைப் படிப்பும் வந்திருக்கிறது. நர்ஸின் எல்லை விரியவே கூடாது என்று நான் சொல்லவில்லை, விரிய வேண்டும் என்றுதான் ஆசை. படிப்பும் பேப்பரும் சம்பளமும் சேர்ந்து விரியட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போனில் விரியக் கூடாது.

18. "ஆஸ்பத்திரியை விடுங்க. எங்க தெருவுல எல்லாரும் 'நர்ஸம்மா, ஒரு ஊசி போட்டு உடு, ஒரு டிரிப் ஏத்து'ன்னு வீட்டுக்கே வர்றாங்க. எப்படி இல்லேன்றது?"

இதில்தான் நானே அதிகம் தோற்றிருக்கிறேன். முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். கொரோனா காலத்தில் நமக்கு மீன் குழம்பு கொடுத்து அனுப்பிய எதிர்வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஆனால் வீட்டில் ஆக்சிஜன் இல்லை, அட்ரினலின் இல்லை, கூப்பிட டாக்டர் இல்லை. ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு அலர்ஜி வந்தால் 6-ஆம் கேள்வியில் சொன்ன எதையுமே செய்ய முடியாது. இடுப்பில் தப்பான இடத்தில் போட்ட வலி ஊசியால் கால் பாதம் தொங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். சோர்வுக்கு டிரிப் ஏற்றுவது பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீருக்குக் காசு கொடுப்பது.

நான் இப்போது செய்வது: பி.பி. பார்த்துத் தருகிறேன், சீட்டைப் படித்து மாத்திரை எப்போது சாப்பிட என்று சொல்கிறேன், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறேன். டாக்டர் எழுதிய இன்சுலினை எப்படிப் போட்டுக்கொள்வது என்று வீட்டு ஆளுக்கே கற்றுத் தருகிறேன். ஊசி என்றால், கூடவே நடந்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இலவசம் என்றதும் பாதிப் பேருக்கு என் மேல் இருந்த வருத்தம் போய்விடுகிறது.

19. "நான் அஞ்சு வருஷமா இதெல்லாம் செஞ்சுட்டுதான் இருக்கேன். இப்ப திடீர்னு நிறுத்தினா, 'இவ்ளோ நாள் செஞ்சியே'ன்னு கேப்பாங்களே?"

கேட்பார்கள். "இவ்வளவு நாள் ஒன்னும் ஆகல சார், அது நம்ம அதிர்ஷ்டம்" என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. மயக்க மருந்து, கலைக்கும் மாத்திரை, அடுத்தவர் கையெழுத்து இந்த மூன்றையும் நாளையிலிருந்தே நிறுத்துங்கள், பேச்சுவார்த்தையே வேண்டாம். ராத்திரி மருந்துகளுக்கு நிலையான ஆர்டர் கேளுங்கள். போன் ஆர்டருக்கு 4-ஆம் கேள்வியில் சொன்ன மெசேஜை இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

போன மாசம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அப்படித்தான் ஆரம்பித்தாள். முதல் மூன்று நாள் டாக்டர் பதிலே போடவில்லை. நாலாவது நாள், "ஏம்மா தினம் மெசேஜ் போட்டு எழுப்பற?" என்று திட்டிவிட்டு, ராத்திரி ஆர்டரை எட்டு மணி ரவுண்ட்ஸிலேயே எழுதிவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.